ஒரு பக்கம் சாய்ந்த வேன்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்தாறு கிலோமீட்டர் சாலையில் அருவிக்கு முன்னால் வேன்கள்தான் கண்ணில் படும். சிவகாசி, விருதுநகர், மதுரை, தூத்துக்குடி என்று பல ஊர்ப் பதிவெண்கள். உள்ளே ஒரு குடும்பம் முழுவதும், மேலே கேரியரில் பாய், பாத்திரம், அரிசி மூட்டை. பழைய குற்றாலத்திலோ ஐந்தருவிப் பக்கமோ வண்டியை ஓரங்கட்டி, ஸ்டவ்வைப் பற்ற வைத்துவிடுவார்கள். குளிப்பது, சாப்பிடுவது, மறுபடி குளிப்பது. சீசனில் ரூம் கிடைக்கவில்லை என்றால் வண்டியிலேயே படுக்கை. சினிமாக்காரர்கள் கேரவன் என்று சொல்லும் சங்கதியை, அந்தப் பெயர் தெரியாமலேயே நம் ஊர்க் குடும்பங்கள் குற்றாலத்தில் எப்போதோ செய்து பார்த்துவிட்டன.

அடுத்த முறை போகும்போது அந்த வேன்களைக் கொஞ்சம் பின்னால் நின்று பாருங்கள். வயதான வண்டிகளில் சில நேராக நிற்காது. புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். பல வண்டிகளில் அது இடது பக்கமாகத்தான் இருக்கும். ஏன் அப்படி, அதை எப்படிச் சரி செய்வது என்பதுதான் இங்கே விஷயம். மெக்கானிக் சமாச்சாரம்தானே என்று தாண்டிப் போய்விட வேண்டாம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது :-)

கமான் என்றால் வில்

வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தால், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் தெரியும். பட்டறைக்காரர்கள் இதைக் 'கமான்' என்பார்கள். பாரசீகத்தில் கமான் என்றால் வில். இந்துஸ்தானி வழியாக நம் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்த சொல். நம்மிடமும் அதே பொருளில் ஒரு சொல் இருந்தது: வில்வண்டி. கட்டை வண்டி எலும்பை உலுக்கும், வில்வண்டி தொட்டில் மாதிரி போகும். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் வில் பட்டைகளின் மேல் வண்டியை உட்கார வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியது 1804இல்.

மலைக்கு அந்தப் பக்கம் வில்வண்டிக்கு வேறு ஒரு சரித்திரமும் உண்டு. 1893இல் திருவிதாங்கூரில் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கவே கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் ஒரு வில்வண்டியை வாங்கி ஓட்டிப் போனார். 'வில்லுவண்டி யாத்திரை' என்று இன்றும் பேசப்படுவது அதுதான். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. குற்றாலம் வருகிறவர்கள் பரோட்டா சாப்பிட ஓடுகிற பிரானூர் 'பார்டர்', அந்தப் பழைய எல்லையின் மிச்சம்தான். (அந்தப் பரோட்டாவும் வேனின் சுமையில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்!)

சரி, வண்டிக்கு வருவோம்.

ஜெர்மனியில் வீடு, குற்றாலத்தில் வேன்

சீசன் வேன் என்றதும் பலருக்கும் மனதில் வருவது டெம்போ டிராவலர். பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987இல் கொண்டுவந்த வண்டி. 2005இல் அந்த நிறுவனத்தின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று மாறியது. டிராவலருக்கு மூலம் மெர்சிடிஸ் பென்ஸின் டி1 என்ற வேன். ஜெர்மனியில் 1977 முதல் 1995 வரை அதைத் தயாரித்தார்கள். 207 டி, 307 டி என்றெல்லாம் எண் போட்ட அந்த வேன்களை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து வீட்டு வண்டியாக மாற்றுவது அங்கே பெரிய வழக்கம். முப்பது நாற்பது வயதாகியும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வீட்டு வண்டிகளுக்கும் நம் சீசன் வேன்களுக்கும் வரும் நோய் ஒன்றே: ஒரு பக்கம் இறங்குவது.

காரணம் எளிது. டி1இலும் பழைய டிராவலரிலும் முன்னாலும் பின்னாலும் நேர் அச்சு. அதன் மேல் பக்கத்துக்கு ஒன்றாகக் கமான். இடது பக்கச் சுமையை இடது கமான்தான் பெருமளவு தாங்க வேண்டும். வீட்டு வண்டியில் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கக் கமான் ஓடினாலும் நின்றாலும் கூடுதல் பாரத்தோடுதான் இருக்கிறது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. நூறு லிட்டர் தொட்டி என்றால், இறங்கவே இறங்காத ஒரு குண்டு மனிதரை ஒரே பக்கம் உட்கார வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓடுவது மாதிரி.

நம் ஊரில் இதோடு வேறு சிலவும் சேர்கின்றன. நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காக சாலையின் நடுப்பகுதியை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போட்டிருப்பார்கள். ஆக, இடது சக்கரங்கள் எப்போதும் கொஞ்சம் பள்ளத்திலேயே ஓடுகின்றன. சாலை ஓரத்துக் குழிகளில் இறங்கி ஏறுவதும் அவைதான். பயணிகள் ஏறி இறங்கும் கதவும் இடது பக்கம். கதவு எந்தப் பக்கமோ சாமான் அடுக்குவதும் அந்தப் பக்கம்தானே?

ஓர் அண்ணாச்சியின் வண்டி

தென்காசியில் ஒரு வேன்கார அண்ணாச்சி இருக்கிறார். சொந்த வண்டி, அவரே டிரைவர். செகண்ட் ஹாண்டில் வாங்கிய பழைய டிராவலர். கல்யாண வீடு, கோயில், சபரிமலை என்று வருடம் முழுக்க ஓட்டம் இருந்தாலும், பிள்ளைகளின் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கிடைக்கும் குற்றால வாடகையில்தான். தங்கி, சமைத்து, குளித்துப் போகும் பார்ட்டிகளுக்கென்றே வண்டியில் சில வசதிகள் செய்து வைத்திருந்தார். கதவுக்குப் பின்னால் இடது பக்கம் ஓர் இரும்பு ஸ்டாண்டு. அதில் இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்று, சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று, ஸ்டவ், பெரிய பாத்திரங்கள், மழைக்குக் கட்டும் தார்ப்பாய். வண்டியை நிறுத்தியதும் கதவைத் திறந்து கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் இறக்கி வெளியே வைத்துச் சமைக்கலாம். பார்ட்டிகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சில சீசன் கழித்து வண்டி இடது பக்கம் இறங்கியது. ஒரே நாளில் இறங்கவில்லை என்பதால் அவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. மற்றவர்கள் கண்ணுக்குத்தான் தெரிந்தது. வழக்கமாக வரும் ஒரு குடும்பத்தின் பாட்டி, "சாஞ்ச வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று ரோட்டிலேயே நின்றுவிட்டார். அந்தக் குடும்பம் அடுத்த வருடம் வேறு வண்டி பிடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் எஃப்.சி. தேதி நெருங்கியது. எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சாய்ந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் கீழே குனிந்து பார்க்காமலா விடுவார்கள்?

முதலில் ஒரு ஒர்க்ஷாப்பில் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். பணம் போனது, சாய்வு போகவில்லை. போகவும் போகாது. சாதாரண ஷாக் அப்சார்பர் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் பொருள் இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியபின் வண்டி தொடர்ந்து குதிக்காமல் அடக்குவதுதான் அதன் வேலை. எடையைத் தாங்குவது கமான்.

அடுத்து ஒருவர் இடது கமானில் மட்டும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சொருகினார். காலி வண்டி நேராக நின்றது! ஆனால் ஆள் ஏறியதும் கதை மாறியது. பட்டை கூடிய இடது பக்கம் விறைப்பாக நின்றது, வலது பக்கம் அமுங்கியது. செங்கோட்டை, புளியரை தாண்டி கோட்டைவாசல் 'எஸ்' வளைவில் ஏறும்போது ஒரு திருப்பத்தில் ஒரு மாதிரியும் மறு திருப்பத்தில் வேறு மாதிரியும் ஆடியது. கேரளா டிரிப் முடிந்து திரும்பிய அன்றே அந்தப் பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

மூன்றாவதாகப் போனது ஒரு கமான் பட்டறைக்கு. வயதான மேஸ்திரி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "என்ன அண்ணாச்சி, குடும்பத்தையே எடது பக்கம் குடிவச்சிருக்கீயளே" என்றார். பிறகு ஸ்பானரை எடுக்காமல் டேப்பைத்தான் எடுத்தார்.

முதலில் அளவு

அவர் செய்த ஒவ்வொன்றும் எந்தப் பழைய வேனுக்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நான்கு டயரிலும் காற்றைச் சரியான அளவுக்கு வைத்தார். பிறகு வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தச் சொன்னார். பட்டறை வாசல் மண் தரையில் அளந்தால் தரையின் சாய்வையும் வண்டியின் கணக்கில் சேர்த்துவிடுவோம். பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கலந்துவிடும், அதனால்தான் ஹப்பிலிருந்து. முன் இடது ஒரு சென்டிமீட்டர் குறைவு. பின் இடது நாலு சென்டிமீட்டர் குறைவு.

இதை வைத்துப் பின் கமான்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஒரு மூலை இறங்கினால் வண்டி முழுவதும் கோணும். நாலு கால் மேசையில் ஒரு கால் குட்டையானால் எதிர்மூலையும் ஆடும் இல்லையா? முன்பக்கம் செய்யும் தப்பு பின்பக்கத்தில் தெரியலாம். அதற்கும் ஒரு எளிய சோதனை வைத்திருந்தார். முன் அச்சுக்கு மேலே சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில், சரியாக நடுவில் ஜாக்கியை வைத்து லேசாகத் தூக்கினார். இப்போது முன்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது; இடது வலது என்று எதையும் திணிக்க அதனால் முடியாது. அப்போதும் பின்பக்கம் சாய்ந்தே இருந்தால் தப்பு பின்னால்தான். சாய்ந்தேதான் இருந்தது. (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. மேஸ்திரி முட்டுக்கட்டை வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட்டார்.)

அடுத்து எடை மேடை. தரை மட்டத்தோடு பதித்த மேடையாகப் பார்த்து, இடது பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, திரும்பி வந்து வலது பக்கத்தை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. டிரைவர் இல்லாமல், ஸ்டாண்டில் சாமான் இருக்கும்போது, இடது பக்கம் நூற்றுச் சொச்சம் கிலோ கூடுதல். அண்ணாச்சிக்கு ஆச்சரியம். மேஸ்திரிக்கு இல்லை. அறுபது லிட்டர் தண்ணீர் அறுபது கிலோ. வீட்டு சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் முப்பது கிலோ பக்கம். பாத்திரம், ஸ்டவ், தார்ப்பாய், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் தனி. இந்தச் சுமை அப்போதைக்கு வண்டியை அமுக்கியதோடு நிற்கவில்லை. பல வருடமாக அதே இடத்தில் உட்கார்ந்து கமானையே மாற்றிவிட்டிருந்தது.

பட்டை எங்கே தோற்றது?

பின் கமான் இரண்டையும் கழற்றிக் கீழே போட்டார்கள். மெயின் பட்டையின் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் பட்டையின் நடுவுக்கும் இடையே எவ்வளவு உயரம் என்று பார்த்தார் மேஸ்திரி. வலது பட்டையில் பதினோரு சென்டிமீட்டர், இடது பட்டையில் எட்டு. பாரமே இல்லாதபோது இந்த வித்தியாசம்!

இங்கேதான் பலரும் தவறாக நினைக்கும் ஒன்று இருக்கிறது. இறங்கிய கமான் 'வலுவிழந்துவிட்டது' என்போம். உண்மையில் அதன் விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். பாரம் கூடக் கூட அதே விகிதத்தில் வளைவும் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் எழுதியது இறங்கிய கமானுக்கும் பொருந்தும். நூறு கிலோ வைத்தால் எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவுதான் அமுங்கும். துருவால் பட்டை மெலிந்தாலோ உடைந்தாலோ ஒழிய அந்தக் கணக்கு மாறாது. மாறியது வேறு ஒன்று: எங்கிருந்து அமுங்கத் தொடங்குகிறது என்பது. நீண்ட காலம் அதிகப் பாரத்தில் நின்ற பட்டை, பாரத்தை எடுத்த பிறகும் பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. அதன் ஓய்வு நிலையே இறங்கிவிடுகிறது.

காமர்ஸ் பாஷையில் சொன்னால், கூட்டல் கழித்தல் எல்லாம் சரி, தொடக்க இருப்புதான் தப்பு. தொடக்க இருப்பு தப்பானால் அதற்குக் கீழே எத்தனை ஒழுங்காக எழுதினாலும் கடைசி வரி சரியாக வராது. இடது பக்கம் ஒரு பட்டையை மட்டும் சொருகியது, கடைசி வரியைச் சரியாகக் காட்ட நடுவில் ஒரு பொய்த் தொகை எழுதியது மாதிரி. காலி வண்டியில் கணக்கு நேரானது, ஆள் ஏறியதும் குட்டு வெளிப்பட்டது.

பட்டைகளைப் பிரித்ததும் இன்னும் மோசமான ஒன்று தெரிந்தது. இடது கமானின் இரண்டாம் பட்டையில், சென்டர் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் முடி அளவு விரிசல். அடுக்குக்கு நடுவே சிவப்பாகத் துரு. குற்றாலத்து வேனுக்கு வருடத்தில் மூன்று மாதம் சாரலிலேயே வாழ்க்கை. சொட்டச் சொட்ட ஏறும் ஆட்கள், ஈரமான தரை, ஈரமான சாலை. பட்டைகளுக்கு நடுவே போகும் தண்ணீர் சீக்கிரம் காய்வதில்லை. துரு முதலில் சின்னச் சின்னக் குழிகளாக அரிக்கும், அந்தக் குழியிலிருந்து விரிசல் தொடங்கும். "குத்தாலத்துக்கு வாற மனுசனெல்லாம் எண்ணெ தேச்சு மசாஜ் பண்ணிக்கிடுதான். இந்தக் கமானுக்கு ஒருத்தனும் ஒரு சொட்டு வைக்க மாட்டேங்கான்" என்று சொல்லிச் சிரித்தார் மேஸ்திரி.

சிரிப்பு விஷயம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கமான் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அச்சு முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். சென்டர் போல்ட் முறிந்து யூ போல்ட்டும் தளர்ந்திருந்தால் ஒரு பக்கம் அச்சு பின்னால் நகரும், வண்டி நண்டு மாதிரி கோணலாகப் போகும். மெயின் பட்டை மலை இறக்கத்தில் உடைந்தால் என்ன ஆகும் என்று விவரிக்கத் தேவையில்லை. வண்டியில் ஏற மறுத்த அந்தப் பாட்டிக்கு இது ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் சொன்னது சரி.

ஒரு பக்கம் மட்டும் போதாதா?

அண்ணாச்சியின் கேள்வி நியாயமானது. "மேஸ்திரி, எடது பக்கந்தான படுத்துருக்கு. அத மட்டும் பாத்தாப் போதாதா?" கையில் காசு குறைவு, சீசன் தொடங்க இரண்டு வாரம்.

"போடுதேன். ஆனா ஆறு மாசத்துல வலது பக்கம் சாஞ்சிட்டுன்னு திரும்ப வருவீய. அப்ப என்னைத்தான் வைவீய."

அவர் சொன்னதன் பொருள் இதுதான். வலது கமானும் அதே வயது. பதினோரு சென்டிமீட்டர் என்பது இடதை விட நல்லது, அவ்வளவே. புதிதில் இருந்ததைவிட அதுவும் இறங்கித்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் சாய்வு பக்கம் மாறும். கமானை எப்போதும் ஜோடியாகத்தான் பார்க்க வேண்டும்.

வழிகள் என்னென்ன? முதல் வழி, பழைய பட்டைகளையே சம்மட்டியால் அடித்து மறுபடி வளைவு ஏற்றுவது. செலவு குறைவு. ஆனால் ஒருமுறை இறங்கிய பட்டை மறுபடி இறங்கச் சோம்பல் படாது. சிலர் உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து அப்படியே ஆறப் போட்டுவிடுவார்கள். இது ஆபத்து. ஸ்பிரிங் எஃகை எண்ணூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, எண்ணெயில் முக்கி, மறுபடி நானூறு ஐநூறு டிகிரியில் பதப்படுத்தினால்தான் அதற்குத் துள்ளல் வரும். பதம் போன எஃகு வெறும் இரும்புப் பட்டைதான். இரண்டாவது வழி, இரண்டு பக்கமும் பட்டை கூட்டுவது. சுமை எப்போதும் அதிகமாகவே இருக்கும் வண்டிக்குச் சரி, ஆனால் காலியாக ஓடும்போது முதுகு வலிக்கும். மூன்றாவது, அச்சுக்கும் கமானுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவது. பின் அச்சில் சிலர் செய்கிறார்கள். முன் அச்சில் செய்யவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டையின் மேல் அச்சு முறுக்கும். நான்காவது, முழு செட்டும் புதிது.

வேறு மாதிரி ஸ்பிரிங் உள்ள வண்டிகளுக்கு வேறு வைத்தியம். உலகம் முழுக்க வீட்டு வண்டி என்றாலே நினைவுக்கு வரும் பழைய ஃபோக்ஸ்வாகன் கோம்பியில் கமானே கிடையாது. முறுக்குத் தண்டு இருக்கும். அதைக் கழற்றி ஒரு பல் திருப்பி மாட்டி உயரத்தைச் சரி செய்வார்கள். அங்கேயும் ஒரு விதி மாறாது: இரண்டு பக்கத்தையும் அளக்காமல் ஒரு பக்கத்தைத் தொடக் கூடாது.

கடைசியில் மேஸ்திரியும் அண்ணாச்சியும் நடுவில் ஒரு வழி கண்டார்கள். இரண்டு பக்கமும் மெயின் பட்டையும் இரண்டாம் பட்டையும் புதிது. மீதிப் பட்டைகளில் விரிசல் இல்லாதவற்றைத் தேய்த்து, இரண்டு பக்கமும் ஒரே வளைவுக்கு அடித்து, கிரீஸ் தடவி அடுக்கியது. ஷேக்கிள் புஷ், சென்டர் போல்ட், யூ போல்ட் எல்லாம் புதிது. பழைய யூ போல்ட் ஒருமுறை இழுபட்டது, அதைத் திரும்பப் போடுவது சிக்கனம் ஆகாது. கமான் கண்ணில் வரும் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு முறுக்கினார். அந்தரத்தில் முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

வண்டியை இறக்கி அளந்தால் வித்தியாசம் அரை சென்டிமீட்டர். அதையும் சரி செய்ய முடியுமா என்று அண்ணாச்சி கேட்டதற்கு மேஸ்திரி சொன்ன பதில்: "மனுசனுக்கே ரெண்டு தோளும் ஒரே மட்டமா இருக்காது. போங்க. ஆனா அந்த ஸ்டாண்டைக் கழட்டிட்டுத்தான் போகணும்."

கணக்குப் புத்தகத்தில் வராத தேய்மானம்

தேய்மானம் என்றால் காமர்ஸ் மாணவர்களுக்கு இரண்டு முறைகள் மனப்பாடம். நேர்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் வாடகைக்கு ஓடும் பஸ், லாரி, டாக்சி போன்ற வண்டிகளின் ஆயுள் ஆறு ஆண்டு. 1962 வருமான வரி விதிகள் வாடகை வண்டிகளுக்குத் தந்த தேய்மான விகிதம் 30 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதமாகக் கழித்துக்கொண்டே போனால், பத்தாம் ஆண்டு முடிவில் புத்தகத்தில் நிற்பது 2,825 ரூபாய். வண்டியோ அதற்கப்புறமும் குற்றாலத்தில் வாடகை சம்பாதித்துக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு முறைகளும் வண்டியை ஒரே பொருளாகப் பார்க்கின்றன. வருடா வருடம் மொத்தமாகத் தேய்கிறதாம். பட்டறையில் அப்படி இல்லை. ஒரே வயது, ஒரே எஃகு, ஒரே நாளில் மாட்டிய இரண்டு கமான்களில் ஒன்று பதினோரு சென்டிமீட்டரில் நிற்கிறது, இன்னொன்று எட்டுக்கு இறங்கிவிட்டது. காலம் இரண்டுக்கும் ஒன்றுதான். சுமைதான் வேறு. அந்தச் சுமையை அங்கே வைத்ததற்கும் கெட்ட எண்ணம் காரணமில்லை. கைக்கு எட்டும் பக்கம் அதுதான் என்பதால் எல்லோரும் அங்கேயே வைத்தார்கள். வசதியான பக்கம் எதுவோ அதுதான் முதலில் இறங்குகிறது.

வீட்டிலும் ஹாஸ்டலிலும் ஆபீஸிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கத்தான் செய்கிறது. கூப்பிட்டால் வரக்கூடியவர், சொன்னால் செய்யக்கூடியவர் என்று யாராவது ஒருவர். வேலையை அவர் பக்கமே எல்லோரும் இறக்கி வைப்பார்கள். அவர் இறங்குவது ஒரே நாளில் நடக்காது என்பதால், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஒருநாள் தெரிந்ததும் அவரைத்தான் ரிப்பேர் செய்யப் பார்ப்போம், ஸ்டாண்டைக் கழற்ற மாட்டோம்.

அண்ணாச்சி கழற்றினார். சிலிண்டரும் ஸ்டவ்வும் மட்டும் கதவுப் பக்கம் இருக்கின்றன. தண்ணீர் கேன்கள் வலது பக்கம், பின் அச்சுக்கு நேர் மேலே. பாத்திரங்கள் நடுவில். எடுத்து வைக்க இரண்டு நிமிடம் கூடுதலாகிறது என்று பார்ட்டிகள் முணுமுணுக்கிறார்களாம். முணுமுணுக்கட்டும். எஃப்.சி. கிடைத்துவிட்டது, அந்த ஆனியில் வண்டி ஓடியது.

வீட்டில் பழைய வேன் இருந்தால்

கடைசியாக, சுருக்கமாகச் சில குறிப்புகள். சாய்வைப் பார்த்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வண்டியில் இருப்பதையெல்லாம் இறக்குங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், சமதரையில் அளந்து எழுதி வையுங்கள். எது காரணம் என்று சந்தேகம் இருந்தால் இடது வலது கமான்களை மாற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் (இரண்டும் ஒரே பார்ட் நம்பராக இருந்தால் மட்டும், சில வண்டிகளில் கம்பெனியே பக்கத்துக்கு ஒரு மாதிரி கொடுத்திருக்கும்). சாய்வு பக்கம் மாறினால் கமான் தப்பு. மாறவில்லை என்றால் சேஸிஸையும் பிராக்கெட்டையும் துருவையும் பாருங்கள். வேலை முடிந்து சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வண்டியின் உயரம் மாறினால் ஹெட்லைட் வெளிச்சமும் மாறும், அதையும் சரி பார்க்க வேண்டும். சீசன் முடிந்ததும் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவி, காய்ந்த பிறகு கிரீஸ் அடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்தடி பின்னால் தள்ளி நின்று வண்டியைப் பாருங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்குவது தெரியாது. போன முறை எழுதி வைத்த அளவுச் சீட்டுக்குத் தெரியும்.